அம்பிட்டிய மேட்டுல ஏறுன சைக்கிள்

சைக்கிள் ஓடத் தெரியாத ஒரு ஆள் சைக்கிள் திட்டத்துல வேலைக்கு இருந்தான்னு யாராவது சொன்னா நம்பிருங்க. அது நான்தான். நேர்முகத் தேர்வுல கேட்டாங்க, சைக்கிள் ஓடுவீங்களான்னு. சின்ன வயசுல ஓடுனதுன்னேன். நான் பொறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. அங்க சைக்கிள்ல ஏறுனா ஒண்ணு லயத்து வீட்டுச் சுவத்துல போய் நிக்கும், இல்லாட்டி பள்ளத்துல போய் நிக்கும். நான் ஏறுன ஒரே நாளும் பள்ளத்துலதான் நின்னுச்சு. அது ஓடுனதுல சேருமா சேராதான்னு அவங்க கேக்கல, நானும் விளக்கல.

முதல் நாளே, திட்டத்த நடத்த வந்திருந்த மனுசி கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க கந்தோர், அதாவது ஆபீஸ் வாசல்ல ஒரு சைக்கிள் சாஞ்சு நின்னுச்சு. "அதை உள்ளுக்கு விடுங்கோ அண்ணை"ன்னாங்க. நான் அத உருட்டிக்கிட்டுப் போகத் தெரியாம, ஆட்டுக்குட்டியக் கொண்டு போற மாதிரி ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போனேன். அவங்க மூக்குக்கண்ணாடியக் கழட்டி, சால்வை நுனியில தொடச்சு, திரும்ப மாட்டிக்கிட்டாங்க. சிரிப்ப அடக்குறப்ப அவங்க அப்படித்தான் செய்வாங்கன்னு எனக்கு அப்பறமாத்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்ச பொறவு, அந்தக் கண்ணாடியத் தொடைக்க வைக்கிறதுதான் என்னோட முழு நேர வேலையாப் போச்சு.

யாழ்ப்பாணத்துக்காரங்க. என்னைவிட ரெண்டு மூணு வயசு கொறவா இருக்கும், அதாவது ரெண்டு பேருமே கல்யாண புரோக்கர் கைவிட்ட வயசு. கந்தோர்ல எல்லாரும் மிஸ்ஸுன்னுதான் கூப்பிடுவோம். பேரு இருக்கு, சொல்லல. சொன்னா இன்னிக்கு எனக்கு வேற வேலை ஓடாது.

அவங்ககிட்ட ஒரு குணம். எதையும் தன்னோடதுன்னு கையில வச்சிருக்கத் தெரியாது. பேனாவக் குடுத்தா திருப்பிக் கேக்க மாட்டாங்க. சோத்துப் பெட்டியத் தொறந்து மேசைக்கு நடுவுல வச்சிருவாங்க, யாரும் அள்ளலாம். நான் முதல் நாள் கூச்சப்பட்டேன், ரெண்டாம் நாள் என் சோத்தக் கொண்டு போறதையே விட்டுட்டேன்.

கண்டி மழை உங்களுக்குத் தெரியும். காலையில வெயில காட்டி ஏமாத்தி, வீட்டுக்குப் போற நேரம் பாத்து ஊத்தும். இந்த மனுசி என்ன செஞ்சாங்க, பழைய குடைகள எங்கிருந்தோ சேத்துக் கொண்டு வந்து, கந்தோர் வாசல்ல ஒரு வாளியில போட்டு வச்சாங்க. வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம். அன்னிக்குச் சாயந்தரமே வாளி காலி. குடைங்க எல்லாம் கண்டிக் குடும்பங்கள்ல சேந்திருச்சு மிஸ், இனி அதுகளுக்குக் கல்யாணங்காச்சின்னு வந்தாத்தான் பாப்போம்னு நான் சொன்னேன். கண்ணாடி தொடைச்சாங்க.

ஆனா ஒரு கெழமையில குடை திரும்பி வந்துச்சு. போனதுதான் வந்துச்சுன்னு இல்ல. கம்பி ஒடஞ்சது ஒண்ணு, பள்ளிக்கூடப் புள்ளைங்க புடிக்கிற ரோஸ் கலர் குடை ஒண்ணு, நாங்க வைக்காதது ரெண்டு. மிஸ் வாளிக்கு முன்னால குந்திக்கிட்டு, குஞ்சு பொரிச்ச கோழியப் பாக்குற மாதிரிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. "பாத்தியளோ, கூடி வந்திருக்கு. என்னட்டத் தரத் தேவையில்லை. ஆருக்கும் கிடைக்கிற இடத்தில விட்டாச் சரி."

ஆருக்கும் கிடைக்கிற இடத்தில விட்டாச் சரி. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இத அவங்க வாயில கேக்கலாம்.

எங்க திட்டமும் அதுதான். வெளிநாட்டுக் காசுல நடந்த சின்னத் திட்டம். ஊர்ல அங்கங்க ஸ்டாண்டு போட்டுச் சைக்கிள் நிப்பாட்டி வைக்கிறது. வேணுங்கிறவங்க எடுத்துக்கிட்டுப் போய், போற எடத்துல இருக்கிற ஸ்டாண்டுல விட்டுருவாங்க. அடுத்த ஆள் அத எடுப்பான். பெரிய தட்டையான ஊருங்கள்ல நல்லா ஓடுதாம். அங்க கம்பியூட்டர் பூட்டு. எங்களுக்கு நானா. அதாவது, மேல அம்பிட்டியச் சந்தியில பலசரக்குக் கடை வச்சிருந்த முஸ்லிம் நானாகிட்டச் சாவி. கீழ டவுன்ல வாவியோரத்து ஸ்டாண்டுக்குச் சாவி என்கிட்ட. மத்தியானம் நானாவுக்கு டெலிபோன் கோல் எடுத்து, மேல சைக்கிள் நிக்குதான்னு கேட்டுக் கந்தோர்ல சொல்லணும். மேலயும் கீழயும் சைக்கிள் நின்னா திட்டம் ஓடுது. ஒரு எடத்துல குமிஞ்சா திட்டம் படுத்துருச்சு. மூணு மாசப் பரீட்சை.

மிஸ்ஸுக்கு ஆரம்பத்துலயே நம்பிக்கை இல்ல. எங்க மேலதிகாரி, பெரிய சேர்கிட்டச் சொன்னாங்க. "யாழ்ப்பாணம் மேசை மாதிரி, சேர். எங்க வச்சாலும் வச்ச இடத்தில நிக்கும். கண்டி தேங்காய்ச் சிரட்டை. எங்க வச்சாலும் அடிக்கு வந்திரும்." காலையில எல்லாரும் மேட்டுல இருந்து டவுனுக்கு இறங்குவாங்க, சாயந்தரம் ஒருத்தரும் மிதிச்சு ஏற மாட்டாங்க, பஸ்ஸுலதான் போவாங்கன்னு சொன்னாங்க. கண்டிக்குக் கிட்ட குண்டசாலைப் பக்கம் கொஞ்சம் தட்டை. அங்க பஸ் ஹோல்ட்ல இருந்து வீடுகளுக்குள்ள போக வர மட்டும் சைக்கிள் வைக்கலாம், மேட்டு வேலைய பஸ்ஸே பாக்கட்டும், ஊருக்கு அளவெடுத்துத்தானே சட்டை தைக்கணும்னு கேட்டாங்க. சேருக்கு வாவியோரம்தான் வேணும். அங்கதான் போட்டோ நல்லா வருமாம். சரி, மேல ஏத்த ஒரு லொறியாவது தாங்கன்னாங்க. லொறியில போற சைக்கிளுக்கு எதுக்குச் சைக்கிள்னு பேருன்னு சேர் சிரிச்சாரு. அது நல்ல கேள்விதான். நான் அப்பவே அதக் காதுல வாங்கியிருக்கணும்.

கடைசியில சேர் இன்னொண்ணும் சொன்னாரு. பரீட்சையில விழுந்தா திட்டத்த மூடிருவாங்க, மிஸ் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மிஸ் அதக் கேட்டு அலட்டிக்கல. விழுந்தா விழட்டும், எங்க விழுதுன்னு பாத்துத்தானே அடுத்தது எங்க வைக்கிறதுன்னு தெரியும், அதக் காட்டிக் குண்டசாலையக் கேப்பம்னாங்க. எனக்குக் காதுல விழுந்தது ஒண்ணுதான். திட்டம் நின்னா இவங்க போயிருவாங்க.

இடையில ஒரு ஞாயித்துக்கெழமை எனக்குச் சைக்கிள் பழக்குறேன்னு குண்டசாலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள ஒருத்தன் சைக்கிள்ல வளைஞ்சு வளைஞ்சு போக, பின்னால ஒரு பொம்பள கேரியரப் புடிச்சுக்கிட்டு ஓடி வர, ரோட்டுல நின்ன நாயி கூடக் குரைக்கல, மரியாதையா ஒதுங்கிப் போச்சு. "பிடிச்சிருக்கிறன், பிடிச்சிருக்கிறன்"னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்துப் பாத்தா அந்தச் சத்தம் தூரத்துல இருந்து வருது. கைய விட்டு எவ்வளவோ நேரமாச்சு. திரும்பிப் பாத்தேன், ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள்ள போய் இறங்கினேன்.

தூக்கி விட வந்தவங்க, அப்படியே கான் கட்டுல பக்கத்துல உக்காந்தாங்க. கேக்காமயே சொன்னாங்க. சண்டை நேரம், ஊரே ஒரு ராத்திரியில வெளிக்கிட்டு நடந்தப்ப, அவங்க அப்பாவுக்கு நடக்க ஏலாது. ரோட்டோரம் ஒரு மதில்ல ஒரு சைக்கிள் சாத்தியிருந்துச்சாம், பக்கத்துல ஆள் இல்ல. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். யாரும் வரல. அப்பாவக் கேரியர்ல ஏத்தி, அந்தச் சைக்கிளத் தள்ளிக்கிட்டே சாவகச்சேரி வரைக்கும் போயிருக்காங்க. அங்க ஒரு பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டாங்க. வேற யாரோ எடுத்து வேற யாரையோ ஏத்திக்கிட்டுப் போனாங்களாம்.

"அந்தச் சைக்கிளுக்குரிய ஆள் திரும்பி வந்து பாத்திருப்பார்தானே. பாத்துப்போட்டு நடந்திருப்பார். அவரோடயும் ஒரு அப்பா இருந்திருக்கலாம்." புல்லைப் பிச்சுக்கிட்டே சொன்னாங்க. "நான் இன்னும் அந்தச் சைக்கிளைத் திருப்பி விட்டுக்கொண்டுதான் இருக்கிறன். விளங்குதோ?"

விளங்குச்சு. சிரிக்க வைக்க என் வாய்க்கு அன்னிக்கு மட்டும் ஒரு பகிடியும் வரல. முட்டியில ரத்தம் வருதுன்னு அவங்கதான் பேச்ச மாத்துனாங்க. அன்னிக்கோட என்னை அண்ணைன்னு கூப்பிடுறத விட்டாங்க. அண்ணைக்குப் பதிலா வேற ஒண்ணும் வைக்கல, சும்மா "வாங்கோ", "பாருங்கோ", அவ்வளவுதான். மூளை இருக்கிற எவனும் அத ஒரு சாடையா எடுத்திருப்பான். நான் என்ன நெனச்சேன்னா, கானுக்குள்ள விழுந்தவன எப்படி அண்ணைன்னு கூப்பிடுறதுன்னு மரியாதையக் கொறச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.

ஸ்டாண்டு தொறந்த முதல் கெழமையே மிஸ் சொன்னது நடந்துச்சு. காலையில பள்ளிக்கூடப் பயலுகளும் கடைக்கு வேலைக்குப் போற பொடியன்களும் அம்பிட்டியவுல இருந்து சைக்கிள்ல பறந்து வந்து வாவியோரம் விட்டுட்டுப் போயிட்டாங்க. மேல ஒண்ணு கூட இல்ல. கீழ எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த சனம் மாதிரி நெரிசல். மத்தியானம் நானாவுக்குக் கோல் எடுத்தா, "ஸ்டாண்டு சும்மா கெடக்கு தம்பி, வாழக்குல தொங்க விடட்டா"ன்னு கேக்குறாரு.

ஒரு கெழமை அதையே கந்தோர்ல சொன்னேன். மிஸ் தலைய ஆட்டிக் குறிச்சுக்கிட்டாங்க. 

என் மாமா மகன் ஒருத்தன் தெல்தோட்டையில இருந்து மரக்கறி லொறி ஓட்டுறான். விடிய வந்து கண்டி மார்க்கட்டுல இறக்கிட்டு, வெறும் லொறியோட திரும்பிப் போவான். அவனப் புடிச்சேன். கந்தோர் அவசர வேலை மச்சான்னேன். அவன் வீட்டுக்குப் போற வழி பேராதனைப் பக்கம், அம்பிட்டிய வேற பக்கம். என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பாத்தான். "கந்தோர் வேலைக்கு ஏன்டா நீ வேர்வையில சேட்டு நனைய நனையத் தூக்குற"ன்னான். ஆனா ஏத்துனான். அன்னிக்கிலருந்து, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்னு கந்தோர்ல சொல்லிட்டு வந்து, ரெண்டு பேரும் வெறும் முட்டைக்கோவாக் கூடைக்குப் பக்கத்துல சைக்கிள அடுக்கி, அம்பிட்டியவுக்குக் கொண்டு போய் நானா கடை வாசல்ல இறக்குவோம். நானா ஒரே ஒரு தடவ கேட்டாரு, இந்த மரக்கறி லொறியும் திட்டமான்னு. ஆமா நானா, எல்லாம் திட்டந்தான்னேன்.

மத்தியானம் கோல் எடுத்தா மேல சைக்கிள் நிக்கும். அடுத்த நாள் காலையில பயலுக திரும்ப எடுத்துக்கிட்டு இறங்குவாங்க. திட்டம் ஓடுது.

மிஸ் முதல்ல நம்பல. ஒரு நாள் பஸ்ஸெடுத்து அம்பிட்டியவுக்கே போய்ப் பாத்துட்டு வந்தாங்க. வரும்போது மொகம் அப்படியே சின்னப் புள்ளை மொகம். கையில வெங்காயத்தாள் மாதிரி ஒரு லீக்ஸ் இலை. சைக்கிள் கூடைக்குள்ள கெடந்துச்சாம்.

"பாத்தியளோ, சனம் மார்க்கட்டில மரக்கறியும் வாங்கிக் கூடையில போட்டுக்கொண்டு அந்த மேட்டில மிதிச்சு ஏறியிருக்கு. நான் சிரட்டை எண்டு சொன்னனே, என்ர வாய்க்கு மண்ணைப் போடோணும். கண்டிச் சனத்தை நான் கணக்கில எடுக்கேல்லை."

அந்த லீக்ஸ் இலையக் கந்தோர் மேசைக் கண்ணாடிக்குக் கீழ வச்சாங்க. எதையுமே வச்சிருக்காத மனுசி. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னா அந்த மொகம் போயிரும். அதோட திட்டமும் போயிரும், அவங்களும் போயிருவாங்க. அதனால, லீக்ஸ் சாப்பிட்டா காலுக்குப் பலம் மிஸ்னு சொன்னேன். கண்ணாடியத் தொடச்சாங்க. குண்டசாலைக்கு எழுதி வச்சிருந்த யோசனையத் தானே திருப்பி வாங்கிக்கிட்டாங்க.

மூணு மாசம் முடிஞ்சுது. பரீட்சை பாஸ். சேர் கேக் வெட்டுனாரு. மேட்டு ஊர்ல சைக்கிள ஓட வச்ச மனுசின்னு மிஸ்ஸுக்குப் பெரிய பேரு. கேக்கு வாய்க்குள்ள இருக்கும்போதே சேர் அடுத்ததச் சொன்னாரு. கண்டியில வேலை முடிஞ்சுது, இனி கந்தோர்ப் பயலுகளே பாத்துப்பானுங்க. இவ்வளவு திறமையான ஆள மலைப்பக்கம் அடுத்த ஊருக்கு அனுப்பணும். பதுளைக்கு.

திட்டம் விழுந்திருந்தா அவங்க குண்டசாலையக் கேட்டு இங்கயே நின்னிருப்பாங்களோ என்னவோ. நான் தூக்கித் தூக்கி மேல ஏத்துனதுல, நேரா பதுளைக்கே ஏத்தி விட்டுட்டேன்.

ஸ்டேசனுக்கு நான்தான் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனேன். பதுளைக்குப் போற ரயில், எங்க பேச்சுல கோச்சி, காலையில. மழை இருட்டிக்கிட்டு நின்னுச்சு. பெட்டிய ஏத்தி வச்சிட்டு இறங்கி நின்னேன். ஜன்னல் வழியா அவங்க குடைய நீட்டுனாங்க. "மழை வரப்போகுது. வச்சிருங்கோ."

அப்பறம் கேட்டாங்க. "எனக்கு ஏதும் சொல்லுறதுக்கு இருக்கோ?"

இருந்துச்சு.  நான் சொன்னேன், "கோச்சியில வடை வாங்காதீங்க மிஸ், அது நேத்துக் கண்டிக்கு வந்த வடை, இன்னிக்கு ஊருக்குத் திரும்பிப் போகுது."

கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. ரொம்ப நேரம் தொடச்சாங்க. அந்தத் தடவ அவங்க சிரிப்ப அடக்கலைன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. கோச்சி வெளிக்கிட்டுப் போயிருச்சு.

அந்தக் குடைய நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நேரா கந்தோருக்குக் கொண்டு வந்து வாளியில போட்டேன். ஆருக்கும் கிடைக்கிற இடத்தில விட்டாச் சரிதானே. அடுத்த நாள் யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. போன குடைக்கெல்லாம் பதிலா ஏதோ ஒண்ணு வந்துச்சு, அது மட்டும் வரவே இல்ல. அந்த மனுசி வாயில 'வச்சிருங்கோ'ன்னு ஒரு சொல்ல நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்னு, ரொம்பப் பிந்தி, பஸ்ஸுல நின்னுக்கிட்டு வாறப்ப ஒரு நாள் மண்டையில ஏறுச்சு. இறங்க வேண்டிய ஹோல்ட்டயும் தாண்டிப் போயிட்டேன்.

பதுளையில இருந்து ஒரே ஒரு கோல் வந்துச்சு. அங்கயும் ஸ்டாண்டு போட்டு ரெண்டு மாசம். சைக்கிள் எல்லாம் பள்ளத்துல குமிஞ்சு கெடக்காம். அங்க உள்ள பெரியவங்க மனுசிய வாட்டி எடுக்குறாங்க. கண்டியில ஏறுச்சுன்னு இவங்கதானே சாட்சி. கோவமா ஒண்ணும் கேக்கல. பாடம் விளங்காத புள்ளை கேக்குற மாதிரிக் கேட்டாங்க.

"கண்டியில ஏறின சனம், இஞ்ச ஏன் ஏறேல்லை? நான் எதை விட்டிட்டன்?"

பதுளைக்காரங்க சோம்பேறி மிஸ்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வந்தத முழுங்கினேன்.  என்கிட்ட இருந்து பகிடி வராததே அவங்களுக்குப் பதிலாப் போச்சு. அப்பறம் மெதுவா, "அந்த லீக்ஸ் இலை"ன்னாங்க. "அது லொறியில வந்ததோ?"

"ஆமா மிஸ்."

"ஏன்?"

நாப்பத்தஞ்சு வருசமா வாயால பொழைச்சவன் நான். சாவு வீட்டுலயே நாலு பேரச் சிரிக்க வச்சிருக்கேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் என் வாயில ரெடியா இருந்துச்சு. அத விட்டுட்டு "சும்மா மிஸ்"னு சொன்னேன்.

"சரி. வைக்கிறன்."

பதுளையிலயும் திட்டத்த மூடுனாங்க. வேலைய விட்டுட்டு ஊருக்குப் போனாங்கன்னு கேள்வி. பொறவு கனடாப் பக்கம் யாரோ சொந்தக்காரங்ககிட்டப் போனதா இன்னொரு கேள்வி. அந்த நம்பர் இப்ப வேற யாருக்கோ போயிருச்சு, ஒரு சிங்கள அம்மா எடுப்பாங்க. ரெண்டு தடவ எடுத்துப் பாத்தேன், மூணாவது தடவ அந்தம்மாவே என்னைக் கண்டுபிடிச்சிட்டாங்க.

கண்டியில என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தேவையில்ல. மிஸ் போன மறுநாள்ல இருந்து நான் லொறியக் கூப்பிடல. எதுக்குக் கூப்பிடணும்? கொஞ்ச நாள்ல சைக்கிளெல்லாம் வாவியோரம் வந்து சேந்துருச்சு. மழையில நனஞ்சு செயின் துருவேறி, கடைசியில யாரோ அள்ளிக்கிட்டுப் போனாங்க. இப்பவும் வாவியோரம் நடக்கிறப்ப அந்த எடத்துல கால் தானா நிக்கும். மனுசி சொன்னது சரி. இந்த ஊர் சிரட்டைதான், எல்லாம் அடியில வந்து நிக்கும், என்னையும் சேத்து.

போன மாசம் மாமா மகன் லொறியில தெல்தோட்டைக்குப் போனேன். பேராதனை தாண்டுனதும் அவன் திடீர்னு கேட்டான், அந்தச் சைக்கிள் பொம்பளைய அப்பறம் பாத்தியான்னு. இல்லன்னேன். அப்பறம் எதுக்கோ, முழுக் கதையும் சொன்னேன், வடை வரைக்கும். நடுவுல ரெண்டு எடத்துல நல்லாச் சிரிக்கிற மாதிரித்தான் சொன்னேன். அவன் சிரிக்கல. கியர மாத்திக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னான்:

"போகாதீங்கன்னு ஒரு சொல்லச் சொல்றதுக்கு லொறி எதுக்குடா ஒனக்கு?"